47ஆம் இலக்கக் கூடம்

முற்றவெளியில் கண்காட்சி, மூன்றாம் நாள்.
மழை விட்ட தரையில் பலகை, பலகைமேல் சிவப்புக் கம்பளம்.
மிதித்தால் ஓரத்தில் சேறு கொப்பளிக்கும்.
இந்தப் பக்கம் சோளப்பொரி, அந்தப் பக்கம்
பேசினால் கதவு திறக்கிற குளிர்சாதனப் பெட்டி.
எதிரே சாருஜன், நாலு இலட்சம் பேர் பின்தொடர்கிற பெடியன்,
வளைய விளக்கை உயர்த்திப் பிடித்து
“மக்களே, யாழ்ப்பாணத்தில முதல்முறையா” என்று
ஒரே வசனத்தை ஏழு தரம் சொல்கிறான்.
ஏழாவதில்தான் ஆச்சரியம் சரியாக வந்தது.

நான் 47.
நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, மத்தியானச் சாப்பாடு,
கழுத்தில் அட்டை: தயாளினி, அனுபவ வழிகாட்டி.
எனக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி.
முன்னால் நின்றால் வயது சொல்லும், மனநிலை சொல்லும்.
விரலால் தள்ளினால்
பத்து, இருபது, முப்பது வருசம் கூட்டிக் காட்டும்.
அதைத்தான் இந்த மாதம் எல்லாரும் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள்.
கம்பஸ் பெட்டைகள் ஐந்து பேர் கிழவிகளாகி
ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.
ஐம்பத்தொன்று என்று சொன்னதற்காக
வங்கிக்காரர் ஒருவர் கண்ணாடியோடு வாதாடினார்.
காலையில் என்னைப் பார்த்து ‘நடுநிலை’ என்றது.
கொழும்பு மேலாளர் ருவிந்து
தன் வாயின் இரு மூலையையும் விரலால் இழுத்துக் காட்டினார்.
சிரித்தேன்.

நாலு மணிக்குப் பிறகு அந்த அம்மா வந்தார்.
கைப்பையிலிருந்து ஒரு படம் எடுத்தார்.
லமினேற் செய்தது, மேல் மூலைகளில் இரண்டு துளை,
வெயில் தின்று நீலம் மட்டும் மிஞ்சிய முகம்.
“இதுக்குப் பதினெட்டு வருசம் கூட்டேலுமோ, பிள்ளை?”
ஆரென்று கேட்கவில்லை.
கயிறு கோத்த துளை உள்ள படத்தை
இங்கே ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை.

கண்ணாடி முன் பிடித்தார்.
சிவப்பில் எழுத்து வந்தது:
‘அசைவு இல்லை. உயிருள்ள முகத்தைக் காட்டவும்.’
அன்றைக்குப் பார்த்துத் தமிழில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

அவர் வாய்விட்டு வாசித்தார்.
எனக்கு ஆளியை அணைத்துவிடலாம் போலிருந்தது.
அவர் படத்தை இடமும் வலமுமாக ஆட்டினார்,
பிறகு மேலும் கீழும், மெல்ல,
ஓம் என்கிற மாதிரி.

‘வணக்கம்! வயது 19. மனநிலை: நடுநிலை.’

“பத்து, இல்லாட்டி இருபதுதான் இருக்கு அம்மா.
ரெண்டு வருசம் கூடிப் போகும்.”
“போகட்டும். கூடத்தான் இருக்கட்டும்.”

தள்ளினேன்.
நெற்றி மேலேறியது. தாடை கனத்தது.
கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு,
காதோரம் நரை.
“சீ, எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும்
தலை வழுக்குறேல்லை. இது பிழை” என்றார்.
கிட்டப் போனார்.
“மெலியேல்லை” என்றார் பிறகு.

சாருஜன் என் காதுக்குள்:
“அக்கா, ஒருக்காக் கேளுங்கோ, இது நல்லாப் போகும்.”
நான் அவனுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.
விளக்கை அணைத்தான்.
விளங்கித்தானோ, பற்றரி முடிந்ததோ, தெரியாது.

படத்தை அனுப்பத் தொலைபேசி எண் கேட்டது திரை.
கீழே ஒரு கட்டம்:
‘எனது முகத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்.’
அவர் விரலை நீட்டினார்.
இழுத்துக்கொண்டார்.
“அவன்ர முகமெல்லோ. அவனைக் கேக்காமல் எப்பிடி?”

ஒருவரும் தொடாவிட்டால்
முப்பது விநாடியில் விளம்பரத்துக்குப் போய்விடும்.
முப்பது விநாடியும் நின்றார்.
பிறகு ஆரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்
சோபாவிலிருந்து கையசைத்தது.
காரைநகர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரவு ஜெனரேற்றர் இரைச்சலில்
ருவிந்து டெப்லெட்டை நீட்டினார்.
இன்றைய முகங்கள் 1,141.
“நல்ல கூட்டம். சரிபார்த்துக் கையெழுத்து வையுங்கள்.”
பதினைந்து முதல் இருபத்துநாலு வரை, ஆண், என்ற வரியில்
ஒன்று கழிக்க வேண்டும்.

கழிக்கவில்லை.
கையெழுத்து வைத்தேன்.